பொதுப் பணமும் பொது வாயிலும்



மாநகராட்சி என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவன குப்பை வண்டியும் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலுமாகத்தான் இருக்கும். சொத்துவரி கட்டும் பருவத்தில் வீட்டில் பெரியவர்கள் முகஞ்சுளிப்பதையும் சிலர் கண்டிருப்பீர்கள். அந்த வரிப்பணத்தில் ஒரு சிறு பகுதி, மாநகராட்சி தானே நேரில் செய்யாமல், ஊரிலுள்ள சங்கங்களிடமும் தொண்டு மன்றங்களிடமும் ஒப்படைத்துச் செய்விக்கும் பணிகளுக்குப் போகிறது. இதற்கு மானியம் என்று பெயர். ஒதுங்கிக் கிடப்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்வதற்கும், ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பவர்களை ஒன்றுசேர்ப்பதற்கும் இந்த மானியம் பயன்படுமா? பயன்படுமாயின், அதனை யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்க வேண்டும்? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் முதல் ஆல்டர்மென் குழுவில் ஆங்கிலேயரோடு போர்ச்சுகீசியரும் யூதரும் இந்துக்களும் இடம் பெற்றிருந்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எத்துணைப் பரந்த நோக்கம் என்று வியந்துவிட வேண்டா. உள்ளூரில் செல்வாக்குடையோரைச் சபையில் அமர்த்தினால் மக்கள் வரியை மனமுவந்து கொடுப்பார்கள் என்பதே கம்பெனியாரின் கணக்கு. எனினும் அந்தக் கணக்கிலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. வரி கொடுப்பவன் சபையில் தனக்கும் ஓர் இடம் உண்டா என்று கேட்பான். இடம் இல்லாதவன் கொடுக்கும் வரி, அவனைப் பொறுத்தவரை, வெறும் தண்டமேயாகும்.

தியாகராய நகரின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இப்பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி விளங்கிவிடும். ஊரின் பெயரே மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் பெயர். உஸ்மான் சாலை, அதே மாநகராட்சிக்குத் தலைமை வகித்த முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கியது. நடேசன் பூங்கா, டாக்டர் நடேச முதலியாரின் நினைவு. இவர்களுள் தியாகராயர் காலத்தில் மாநகராட்சி எடுத்த ஒரு முடிவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1920 செப்டம்பர் 16ஆம் நாள், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு, நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு அளிப்பதென்று மாமன்றம் தீர்மானித்தது. ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல்!

இவ்வளவு நன்மை விளைந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய அரசினர் மறுத்துவிட்டனர். 1925 ஏப்ரல் முதல் நாளோடு அந்தச் செலவுக்கு வழி அடைபட்டது. மீண்டும் திட்டம் உயிர்பெற்றது 1927க்குப் பிறகுதான். அப்பொழுது 25 பள்ளிகளில் 1000 ஏழைப் பிள்ளைகள் பயனடைந்தனர். சோறு கல்விச் செலவா, அன்றா என்ற வழக்கில் பிள்ளைகளின் தட்டு இரண்டாண்டுகள் காலியாகக் கிடந்தது. உள்ளாட்சி நிதியைப் பற்றிப் படிக்கும்போது, எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்னும் சிறு கேள்வி எவ்வளவு பெரிய காரியத்தையும் நிறுத்திவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பகலுணவு இணக்கத்தை வளர்ப்பதற்கென்று அறிவித்துத் தொடங்கப்பட்டதன்று. பசியைப் போக்கத் தொடங்கப்பட்டது. ஆயினும் பலதரப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்பதற்கு நிகரான பாடம் வேறொன்று உண்டென்று நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தின் வாயிலில் நின்ற தலைமையாசிரியன் என்ற முறையில் சொல்லுகிறேன். நீதிபோதனை வகுப்பில் ஒரு மாதம் பேசியும் நடவாதது அங்கே ஒரு நண்பகலில் நடந்துவிடும். ஒரு முட்டையை இருவர் பங்கிட்டுக்கொள்ளும்போது யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது மறந்துபோகும்.

இது மாநகராட்சி தானே நேரில் செய்த பணி. இனிச் சங்கங்களிடம் வருவோம். மாமன்றம் கண் விழிப்பதற்கு முன்பே கண் விழித்துக்கொண்ட தனி மனிதர்களும் குழுக்களும் இந்நகரின் தென்பகுதியில் பலர் உண்டு. பிரம்மஞான சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் என்னும் அமெரிக்கர், 1894ஆம் ஆண்டில், ஊரூர்ப் பக்கத்தில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பஞ்சமர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட பள்ளி அது. தொடர்ந்து தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவரின் பெயரையே இட்டார்கள்.

நடேச முதலியார் 1916ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியை அமைத்தார். வெளியூரிலிருந்து கல்லூரியில் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்கு நகரில் தங்க இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக விளங்கிய ஆர். கே. சண்முகம் செட்டியார் அந்த விடுதியில் தங்கியவர்களுள் ஒருவர். விடுதி நெடுநாள் நீடிக்கவில்லை. அதன் பயன் நீடித்தது. பிறகு 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி வாழ்க்கையிலிருந்து விடுபட்டு வந்த பெண்பிள்ளைகளுக்கு வேறு எங்கும் இடம் இல்லாமையால், தம் வீட்டிலேயே அடைக்கலம் தந்து ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அது பின்னர் அடையாற்றில் வேரூன்றிப் பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கூர்மையான மாணவன் ஒருவன் எழுந்து என்னை மடக்கக்கூடும். "ஐயா, ஒன்று ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி, மற்றொன்று ஒரு பகுதியினருக்கான விடுதி, மூன்றாவது பெண்களுக்கு மட்டுமான இல்லம். மூன்றுமே எல்லாருக்கும் பொதுவானவை அல்லவே! ஒற்றுமையை வளர்க்கும் நிறுவனங்கள் என்று இவற்றை எப்படிச் சொல்லுகிறீர்கள்?" என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிப்பேன். ஏனெனில் மானியத்தைப் பற்றிய விவாதம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு விடை காண்பதற்குச் சட்டத்தின் பக்கம் சிறிது போய்வர வேண்டும்.

பொதுப் பணம் நுழையும் இடத்தில் பொதுமக்களும் நுழையலாம் என்பது இன்று நமக்கு வெளிப்படையாகத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அது போராடிப் பெற வேண்டியதாக இருந்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923 ஆகஸ்டில் போலே என்பவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுநிதியால் நடத்தப்படும் கிணறுகளையும் பள்ளிகளையும் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டுமென்றது. மறு ஆண்டு, நம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் யாவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். சாலையில் நடப்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம்! இன்று மயிலாப்பூர் மாடவீதிகளில் நடப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். விந்தையாகத் தோன்றுவதே அவர்களுடைய வெற்றி.

இந்தக் கருத்து 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் நிலைபெற்றது. அதன் 15ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியால் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் ஆகியவற்றை எவருக்கும் சாதி, மதம் முதலியவற்றைக் காட்டி மறுக்கலாகாது என்கிறது. "பகுதியாகவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். நூறு ரூபாய்ச் செலவில் ஒரு ரூபாய் பொதுப்பணமாக இருந்தாலும் போதும், வாயில் திறந்தேயிருக்க வேண்டும். 29ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களுக்கும் இதே நெறியை விதிக்கிறது. உதவி பெறும் பள்ளியில் படிக்கும் உங்களில் பலர் இந்தக் கூற்றின் நிழலில்தான் அமர்ந்திருக்கிறீர்கள்.

சங்கங்களை நடத்துபவர்களுக்கு நிபந்தனை என்றாலே கசக்கும். "பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாகாதா? எதற்கு இத்தனை முட்டுக்கட்டை?" என்பார்கள். மயிலையில் பங்குனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமை தெரியும். ஊர் கூடி வடம் பிடிக்கிறது. ஆனால் மாடவீதியின் முனையில் தேர் திரும்புவது, சக்கரத்தடியில் கட்டை போடுபவர்களின் கைத்திறத்தால். கட்டை இல்லாவிட்டால் தேர் நேரே போய் யாருடைய திண்ணையிலோ முட்டி நிற்கும். மானியத்தோடு வரும் நிபந்தனையும் அத்தகையதே. போட வேண்டிய இடத்தில் போட்டால் தேர் திரும்பும். போடத் தெரியாமல் போட்டால் தேர் நின்றுவிடும்.

போடத் தெரியாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நகரிலேயே ஒரு பெரிய வழக்கு உண்டு. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்டு வந்தனர். செண்பகம் துரைராசன் வழக்கில், 1951இல், அந்த முறை 29ஆம் உறுப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் திறந்த வாயில் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டதால், நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தனி வழி அமைக்க முடியாமற்போயிற்று. தமிழ்நாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்ற புதிய கூறு 15ஆம் உறுப்பில் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது தொடக்கத்திலேயே அவ்வுறுப்பில் இருந்தது. திறந்த வாயிலும் தனி வழியும் ஒரே உறுப்பில் அருகருகே வாழ்கின்றன.

ஆகவே, என்னை மடக்கிய மாணவனுக்கு என் விடை இது. பிறரை வெளியே நிறுத்துவதற்காகக் கதவைச் சாத்திக்கொள்ளும் கூட்டம் வேறு. தன் முகத்தில் கதவு சாத்தப்பட்டதனால் தனக்கென்று ஒரு குடிசை போட்டுக்கொண்ட கூட்டம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் தனிக்கூட்டமாகவே தோன்றும். மானியம் வழங்கும் மாமன்றம் இந்த வேறுபாட்டை அறியும் கண் பெற்றிருக்க வேண்டும். ஆல்காட்டின் பள்ளியும் நடேசரின் விடுதியும் ஔவை இல்லமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை எழுந்திராவிட்டால் அந்தப் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கும் பொது மன்றத்துக்கும் என்றுமே வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் நகர மன்றங்கள் அண்டை அயலாரின் இணக்கத்துக்கென்று சங்கங்களுக்கு மானியம் வழங்கும் வழக்கம் விரிவாக வேரூன்றியிருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் கோடையில் ஓல்டாம், பர்ன்லி, பிராட்ஃபோர்டு ஆகிய ஊர்களில் வெள்ளையருக்கும் ஆசிய மரபினருக்குமிடையே கலவரங்கள் மூண்டன. ஆராய்ந்து அறிக்கை தந்த டெட் கேன்டில் குழுவினர், அவ்வூர்களின் மக்கள் தனித்தனிப் பள்ளியும் தனித்தனி வழிபாடும் தனித்தனிப் பொழுதுபோக்குமாக, இணைகோடுகள் போல் ஒன்றையொன்று தொடாமல் வாழ்ந்துவருவதைச் சுட்டிக்காட்டினர். அதன் பிறகு, ஒரே இனத்தாருக்கான சங்கங்களுக்குப் பணம் கொடுப்பது பிரிவினையை வளர்க்காதா என்ற ஐயம் அந்நாட்டில் வலுப்பெற்றது.

அந்த ஐயம் இலண்டனின் மேற்கே ஈலிங் நகர மன்றத்தில் ஒரு வழக்காக முற்றியது. சவுத்தால் பகுதியில் 1979 முதல் இயங்கிவரும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு, வீட்டில் கொடுமைக்கு உள்ளாகும் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபிய மரபுப் பெண்களுக்கு அவரவர் மொழியிலேயே உதவிவந்தது. எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரே சேவை போதும் என்று முடிவு செய்த மன்றம், அவர்களுக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்த முற்பட்டது. உதவி பெற்றுவந்த பெண்கள் நீதிமன்றம் சென்றனர். 2008 ஜூலையில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. சிறுபான்மைப் பெண்களுக்கான தனிச் சேவை இணக்கத்துக்குப் பகையன்று, அதற்குத் துணையாகவே அமையக்கூடும் என்பதை நீதிபதி தம் தீர்ப்புரையில் தெளிவாக்கினார். 1951இல் நாம் கடந்துவந்த அதே முனையை அவர்கள் 2008இல் கடந்தார்கள் என்று நான் சொன்னால், அது ஆசிரியருக்கு உரிய சிறு பெருமை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் மக்களும் அரசும் சேர்ந்து செலவிடும் முறைக்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் 1997-98இல் தொடங்கப்பட்ட "நமக்கு நாமே" திட்டம். 2011-12 முதல் அது தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-22இல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்து, நகர்ப்புறங்களுக்கும் விரிந்தது. பூங்கா, படிப்பகம், பள்ளிக் கட்டடம், விளையாட்டிடம் போன்ற ஒரு பொதுப்பணிக்கு மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தந்தால், மீதியை அரசு தரும். நீர்நிலைகளைச் சீர்படுத்துவதாயின் மக்கள் பங்கு பாதி.

இது நல்ல திட்டமே. தன் கையிலிருந்து ஒரு காசு போட்டவன், விளக்கு எரியவில்லை என்றால் உடனே கேட்பான். ஆனால், எவரால் அந்த மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அடையாற்றில் அடுக்குமாடி வீடுகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நிறைந்த ஒரு தெருவின் குடியிருப்போர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே அதைத் திரட்டிவிடும். விண்ணப்பத்தையும் பிழையற எழுதிவிடும். அதே அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில், படகும் வலையும் கடனில் இருக்கும் வீட்டில், பங்குப் பணம் எங்கிருந்து வரும்? ஊரகங்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதிகளுக்கு மக்கள் பங்கு ஐந்தில் ஒன்று என்று குறைத்து வகுத்தது, இந்த இடரை உணர்ந்து செய்த காரியம். அத்தகைய சலுகை நகரத்துக் குப்பங்களுக்கும் மிகவும் வேண்டியது. இல்லையேல் உள்ளவன் தெருவுக்கே மேலும் ஒரு விளக்கு வந்து சேரும்.

பணம் போட்டவர்களுக்கு வேறொரு நோயும் வந்துவிடும். நான் பணியாற்றிய பள்ளிக்கு அண்மையில் ஒரு சங்கத்தார் பொதுநிதி உதவியோடு படிப்பகம் ஒன்றை அமைத்தனர். பெயர் வேண்டா, நல்லவர்கள்தாம். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. சில மாதங்களில் உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார்கள். அட்டைக்குக் கட்டணம் என்றார்கள். முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள். வாடகை ஒண்டுக்குடித்தனங்களில் வாழும் பிள்ளைகளுக்கு முகவரிச் சான்று எங்கே? என் மாணவர்கள் நால்வர் மாலை நேரங்களில் சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே விரித்திருக்கும் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை, கிரிக்கெட் செய்தியை, படித்துக்கொண்டிருப்பார்கள். எவரும் அவர்களை விரட்டவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் எவரும் சொல்லவில்லை. பொதுநிதியால் எழுந்த கட்டடத்தில் சட்டம் திறந்துவைத்த வாயிலை ஓர் அட்டை சத்தமின்றி மூடிவிட்டது. சாதி, மதம் என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே வழக்கும் இல்லை.

பங்கு என்றால் பணம்தானா? சென்னைக் கடற்கரையில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் செல்வோர் அலை வரை போவதற்கு மாநகராட்சி ஒரு மரப்பாதை அமைத்தது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம்; செலவு ஏறக்குறைய 1 கோடியே 14 இலட்சம் ரூபாய். மறு மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்து, பின்னர்ச் சீர்செய்யப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைக்கும் குழுக்கள், கடலைத் தொட்டுப் பார்ப்பதும் ஓர் உரிமைதான் என்று பல ஆண்டுகளாகக் கேட்டதன் பயன் அது. அவர்கள் மூன்றில் ஒரு பங்கு கொண்டுவரவில்லை. மணலில் சக்கரம் எங்கே புதையும், சரிவு எவ்வளவு இருந்தால் கை வலிக்காமல் ஏறலாம் என்ற அறிவு பொறியாளரிடம் இருப்பதைவிட அவர்களிடமே மிகுதியாக இருக்கிறது. அந்த அறிவுக்கு விலை போட்டுக் கணக்கில் வரவு வைக்கும் ஏட்டை இன்னும் எந்த மாமன்றமும் அச்சிடவில்லை. அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

எந்த மானியமும் பெறாமலே மக்களை ஒன்றுசேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். மயிலாப்பூரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையை அடுத்து, சிந்து நாட்டிலிருந்து பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்தவரான தாதா இரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் ஆலயம் இருக்கிறது. அதன் தொண்டர்கள், இரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு துறப்போருக்குத் தம் சமையற்கூடத்திலிருந்து உணவு கொண்டுபோய்ப் பரிமாறும் வழக்கத்தைப் பல பத்தாண்டுகளாக நடத்திவந்திருக்கிறார்கள். எல்லியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா மற்றொன்று. சபா மேடைக்கு உரியதென்று கருதப்பட்ட கர்நாடக இசையும் பரதமும் மீனவர் தெருவுக்கு வந்தன. பறையும் வில்லுப்பாட்டும் அதே மேடையில் நிகராக நின்றன. பெரிய நிறுவனங்களின் பணத்தை நாடாமல் பொதுமக்களின் சிறு நன்கொடைகளால் அது நடந்தது. கச்சேரி கேட்க அக்குப்பத்துக்கு முதன்முறையாகப் போன நகரவாசிகள், தம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அப்படி ஓர் ஊர் இருப்பதையும் அன்றே கண்டார்கள். ஆல்காட் பள்ளி திறந்த ஊரூருக்குப் பக்கத்துக் குப்பம் அது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இவர்களுக்கும் மாநகராட்சி பணம் கொடுக்கலாமே என்று கேட்கலாம். நான் தயங்குகிறேன். அன்பினால் நடக்கும் காரியத்துக்கு ஆண்டு வரவுசெலவில் ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வரிக்காகவே காரியம் நடக்கத் தொடங்கும். இடமும் தண்ணீரும் விளக்கும் கழிப்பிடமும் தந்து, அனுமதிச் சீட்டை அலையவிடாமல் கொடுத்தால் இத்தகைய விழாக்களுக்கு அதுவே பெரிய மானியம்.

பணம் இல்லாமல் நடக்கவே முடியாத பணிகள் உண்டு. அங்கேதான் மாமன்றத்தின் பை தாராளமாகத் திறக்க வேண்டும். நடைபாதையில் படுத்துறங்குவோரை எண்ணிப் பாருங்கள். நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இல் வரையறுத்தது. சென்னையில் அத்தகைய காப்பகங்களுக்கு மாநகராட்சி கட்டடமும் நிதியும் தர, தொண்டு நிறுவனங்கள் அவற்றை நடத்தும் முறை அமைந்தது. முதியவரை, மனநலம் குன்றியவரை, கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணை, இரவு பதினொரு மணிக்குப் பெயர் கேட்டு உள்ளே அழைத்துக்கொள்வது அதிகாரியால் ஆகக்கூடிய வேலையன்று. அதற்கென்று மனம் கொண்ட தொண்டர் வேண்டும். தொண்டருக்கு மாதந்தோறும் ஊதியமும் வேண்டும். மானியம் ஒரு காலாண்டு தாமதமானால் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்பவர் அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர். பள்ளி மானியம் வரும்வரை சுண்ணக்கட்டிக்குக் கணக்குப் பார்த்த எனக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும்.

நகரின் 200 வட்டங்களிலும் இப்பொழுது பகுதி சபைகள் என்ற ஏற்பாடு உண்டு. மாமன்ற உறுப்பினர் தலைமையில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தம் தேவைகளைச் சொல்லும் கூட்டம் அது. பெற்றோருடன் நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சாலைப் பள்ளமும் கொசுத் தொல்லையுமே பெரும்பாலும் பேசப்படும், அவையும் வேண்டியவையே. உங்கள் தெருவில் பொதுநிதியில் எழுந்த படிப்பகமோ பூங்காவோ இருந்தால், அது எத்தனை மணிக்குத் திறக்கிறது, உறுப்பினர் அட்டைக்கு என்ன கட்டணம், சென்ற மாதம் அங்கு வந்தவர்கள் எந்தெந்தத் தெருவினர் என்ற விவரத்தை அங்கே கேட்கலாம். வருகைப் பதிவேடு இருந்தால் காட்டுவார்கள். இல்லையென்றால் ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு குயர் கோடிட்ட தாளுக்கு மேல் செலவாகாது.